நான்ஸ்டிக் தோசைக்கல்: கூண்டுப் பறவை உள்ள வீட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

தோசை ஒட்டாமல் எழும்புகிறது, எண்ணெய் சிறிதளவே போதும், கழுவுவதும் எளிது. இந்த வகையில் அண்மையில் வாங்கிய இந்த நான்ஸ்டிக் தோசைக்கல்லைக் குறை சொல்ல இயலாது. என் கவலை வேறு. மேற்பூச்சான பி.டி.எஃப்.இ. (டெஃப்லான் என்று பரவலாக அறியப்படும் பொருள்) ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிதையத் தொடங்கி நச்சுப் புகையை வெளியிடும். பெரிய தீயில் வெறுங்கல்லை வைத்தால் சில நிமிடங்களிலேயே அந்த வெப்பம் வந்துவிடும்.

பறவைகளின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடுவதாலும், அவை காற்றிலுள்ளதை மிக விரைவாக உறிஞ்சிக்கொள்வதாலும், வீட்டார் எதையும் உணராத நிலையிலேயே பட்ஜிகளும் லவ் பேர்ட்ஸும் மூச்சுத்திணறி இறந்துவிடக்கூடும். அதே புகை மிகுந்தால் நமக்கும் காய்ச்சல், குளிர்நடுக்கம், நெஞ்சிறுக்கம் வரும். ஃப்ளூ என்றெண்ணி மாத்திரை போட்டுக்கொள்வோம், அடுப்பைச் சந்தேகிக்க மாட்டோம். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவைக் கண்டறிய 1986 வரை கேனரி என்னும் சிறு பறவைகளை வைத்திருந்ததும் இந்த உடலமைப்பை நம்பித்தான்.

பெட்டியின் மேல் 'பி.எஃப்.ஓ.ஏ. அற்றது' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அது தயாரிப்பின்போது முன்பு பயன்பட்ட வேறொரு வேதிப்பொருளைப் பற்றியது. பூச்சு சூட்டில் சிதைவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. பறவைகளைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லாதது, என் கணக்கில், இப்பொருளின் பெரிய குறை.

மிதமான தீயில், சன்னலைத் திறந்துவைத்துச் சமைப்பவர்களுக்கு ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருவேன். பறவை வளர்ப்பவர்கள் இரும்புக் கல்லையே வாங்கலாம்.