கைவினை வேலைக்கு 20 வாட் குளூ கன்: எதற்கு நம்பலாம், எதற்குக் கூடாது

அட்டைப் பெட்டி, பழைய செய்தித்தாள், சணல் கயிறு, காலிக் குப்பி என்று வீட்டிலேயே கிடைப்பவற்றைக் கொண்டு அலங்காரப் பொருள்கள் செய்ய விரும்புபவர் காசு கொடுத்து ஒரே ஒரு கருவிதான் வாங்கலாம் என்றால், நான் தயங்காமல் பரிந்துரைப்பது, பசைக் குச்சியைச் சூட்டில் உருக்கி ஒட்டும் கருவியான குளூ கன்னில், 20 வாட் அளவிலான சிறியதைத்தான். கத்தரிக்கோல், அளவுகோல், பென்சில் ஆகியவை ஏற்கெனவே வீட்டில் இருக்கும். மேடு பள்ளமான பொருள்களை, கையை எடுத்ததும் நழுவிவிடாமல், அரை நிமிடத்துக்குள் பிடித்து நிறுத்தக்கூடிய ஒன்றுதான் பெரும்பாலான வீடுகளில் இருப்பதில்லை. ஆனாலும் இந்தக் கருவியை எல்லாவற்றையும் ஒட்டும் மாயப் பொருளாக விளம்பரப்படுத்துவதை நான் ஏற்கவில்லை. காகித வாழ்த்தட்டை முதல் கண்ணாடிக் குவளை வரை அனைத்தையும் இதனாலேயே ஒட்டிப் பார்த்து, ஓரிரு வாரங்களில் அவை பெயர்ந்து விழுந்ததும், கருவியே சரியில்லை என்று ஒதுக்கிவிடுபவர்கள் பலர். எங்கே பிடிக்கும், எங்கே பிடிக்காது என்பதை முதலிலேயே அறிந்துகொண்டால் அந்த ஏமாற்றம் நேராது.

இது வேலை செய்யும் விதம் எளிமையானது. பின்புறத் துளையில் செருகப்படும் குச்சி, எத்திலீன் வினைல் அசிட்டேட் என்ற நெகிழியுடன் ஒட்டும் தன்மைக்காகப் பிசினும் மெழுகும் சேர்த்துச் செய்யப்பட்டது. விசையை அழுத்தும்போது குச்சி சூடான அறைக்குள் தள்ளப்பட்டு, உருகி, முனை வழியாக வெளியே வருகிறது. ஆறியதும் மீண்டும் கெட்டியாகிறது. நீர் ஆவியாகி உலரும் வெள்ளைப் பசையைப் போல இது பொருளுக்குள் ஊறுவதில்லை. மேற்பரப்பிலுள்ள சொரசொரப்பையும் நார்களையும் சுற்றி வளைத்துப் பிடித்துக்கொள்வதே இதன் பலம். சொரசொரப்பு கூடக்கூடப் பிடிப்பும் கூடும். வழுவழுப்பு கூடினால் பிடிப்பு குறையும். இந்த ஒரு விஷயம் மனத்தில் பதிந்துவிட்டால், எந்தப் பொருளுக்கு இதை நம்பலாம் என்பதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

சிறிய கருவிகள் 7 மி.மீ. குச்சியையும், பெரியவை 11 மி.மீ. குச்சியையும் பயன்படுத்துகின்றன, ஒன்றின் குச்சி மற்றொன்றுக்குப் பொருந்தாது. வீட்டுக் கைவினைக்குச் சிறியதே போதும். பெரியது ஒரே அழுத்தில் மிகுதியான பசையைக் கொட்டிவிடுவதால், நுணுக்கமான பூ வேலைகளில் அது இடைஞ்சலாகவே இருக்கிறது. மலிவான சிறிய கருவிகளில் மூன்று குறைகளைத் தொடர்ந்து காண்கிறேன். பலவற்றில் தனி சுவிட்ச் இல்லை. மின்னிணைப்பில் செருகியதுமே சூடேறத் தொடங்கிவிடும். முன்புறம் மடக்கி நிறுத்தும் கம்பித் தாங்கி தளர்வாக இருப்பதால், மின்கம்பி சற்று இழுபட்டாலே கருவி கவிழ்ந்துவிடுகிறது. விசையை விட்ட பிறகும் முனையிலிருந்து பசை சொட்டிக்கொண்டிருக்கிறது. முதல் குறையைத் தவிர்க்க, சுவிட்சும் சிறு விளக்கும் உள்ளதைப் பார்த்து வாங்குவது நல்லது. மற்ற இரண்டுக்கும், கருவியை வழுவழுப்பான ஓர் ஓட்டுச் சில்லின் மீதோ சிலிக்கான் விரிப்பின் மீதோ நிறுத்தி வைப்பதே தீர்வு. சொட்டும் பசை ஆறிய பின் அதிலிருந்து எளிதாக உரிந்து வந்துவிடும். சூடாக இருக்கும்போது கருவியைப் பக்கவாட்டில் படுக்க வைக்கவே கூடாது. உருகிய பசை பின்னோக்கி ஓடி உட்புறத்தை அடைத்துவிடும். மிஞ்சிய குச்சியைப் பின்னாலிருந்து பிடித்து இழுப்பதும் அதே கேட்டைத் தரும்.

இதன் அருமை முழுமையாகத் தெரிவது சணல் வேலையில்தான். ஒரு காலிக் கண்ணாடிக் குப்பியைக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு சிறிதும் இல்லாமல் துடைத்துக் காயவைத்து, அடிப்பகுதியில் ஒரு விரல் நீளத்துக்குப் பசைக் கோடு இழுத்து, கயிற்றின் நுனியை அதில் அழுத்திப் பிடித்தால் போதும், கை எரியுமுன் பிடித்துக்கொள்ளும். முதல் இரண்டு மூன்று சுற்றுகளுக்குத் தொடர்ச்சியாகப் பசை வைக்க வேண்டும். அதன் பிறகு கயிறு தன் முந்தைய சுற்றின் மேலேயே சாய்ந்து நிற்பதால், குப்பியின் பின்புறத்தில் மட்டும் ஒரு பொட்டு வைத்துக்கொண்டே போகலாம். பசையைக் குப்பியின் மீது வைக்க வேண்டுமே தவிர, கயிற்றின் மீது வைக்கக் கூடாது. கயிற்றில் வைத்தால் அது நார்களுக்கு மேலே பிதுங்கி, ஆறிய பின் பளபளக்கும் திட்டாகக் காட்சி தரும். கழுத்துப் பகுதி குறுகும் இடத்தில் கயிறு கீழ்நோக்கி நழுவப் பார்க்கும். அங்கே மட்டும் மீண்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் பசை வைத்து, நுனியைப் பின்புறமாக முடித்துவிட்டால் வேலை நேர்த்தியாக அமையும். கண்ணாடி வழுவழுப்பானதுதான், ஆயினும் கயிறு குப்பியை இறுக்கிச் சுற்றியிருப்பதால் பசை சுமக்க வேண்டிய பாரம் மிகக் குறைவு. அதனால்தான் இந்த வேலை நிலைத்து நிற்கிறது.

செய்தித்தாள் குழல்களைக் கொண்டு முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் செய்யும் சட்டத்திலோ சூடான பசை, வெள்ளைப் பசை இரண்டும் தேவைப்படுகின்றன. தாளின் ஒரு மூலையிலிருந்து மெல்லிய குச்சியின் மீது சாய்வாக உருட்டிக்கொண்டு போய், கடைசி மூலையை வெள்ளைப் பசையால்தான் ஒட்ட வேண்டும். சூடான பசை அங்கே ஒரு முடிச்சுப் போலத் தடித்துவிடும். குழல்களை விரலால் நசுக்கித் தட்டையாக்கி, வட்டமாகச் சுருட்டி, அந்தச் சுருள்களை அட்டையின் மீது அடுக்கும்போது குளூ கன்னுக்கு மாறலாம். சுருள் பிரிந்துகொள்ளத் துடிக்கும் அந்தச் சில நொடிகளில் அதைப் பிடித்து நிறுத்த வேறு எந்த மலிவான பசையாலும் முடியாது. ஆனால் கண்ணாடியின் எடையை இந்தப் பசையிடம் ஒப்படைத்துச் சுவரில் மாட்டிவிடக் கூடாது. பின் அட்டையில் துளையிட்டு, வலுவான கயிறு கோத்து, கண்ணாடியின் விளிம்பைச் சுருள்களே முன்புறமிருந்து தாங்கும்படி அமைப்பதுதான் பாதுகாப்பானது.

தட்டையான காகித வேலைக்கு நான் குளூ கன்னைத் தொடுவதில்லை. இரண்டு தாள்களுக்கு நடுவே அது மேடாகத் தெரியும். சமன் செய்வதற்குள் ஆறிவிடும். அங்கே வெள்ளைப் பசைதான் ஏற்றது. அதிலுள்ள நீரால் காகித நார்கள் உப்பித் தாள் நெளிவதைத் தவிர்க்க, பசையைத் தூரிகையால் மெல்லியதாகத் தடவி, உலரும் வரை கனமான புத்தகத்தின் கீழே வைக்க வேண்டும். தெர்மகோல் சற்றுச் சிக்கலானது. அது 100 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டிலேயே இளகிவிடும். உயர்வெப்பக் கருவியின் பசையோ அதைவிட மிகவும் சூடாக இருப்பதால் தெர்மகோலில் குழி விழுந்துவிடுகிறது. வெள்ளைப் பசையைப் பயன்படுத்தினால், இரு தெர்மகோல் துண்டுகளுக்கு நடுவே நீர் வெளியேற வழியின்றி நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். அதற்கென்றே, ஏறத்தாழ 120 டிகிரியில் இயங்கும் தாழ்வெப்பக் கருவிகளும், அவற்றுக்குரிய குச்சிகளும் கிடைக்கின்றன. தெர்மகோல் வேலை அதிகம் செய்பவர்கள் அவற்றையே வாங்க வேண்டும். அப்போதும் பசையைச் சில நொடி ஆறவிட்டு ஒட்டுவதே நல்லது.

வெயில் நேராக விழும் ஜன்னலோரம், மூடிய கார், மஞ்சள் குண்டு விளக்கின் அருகாமை ஆகியவை இந்தப் பசைக்குப் பகை. சூட்டில் இளகி மீண்டும் நழுவும் இயல்பு அதற்கு எப்போதும் உண்டு. மெழுகுவத்தி ஏற்றும் தாங்கிகளை இதனால் ஒட்டவே கூடாது. வண்ண விளக்குச் சரம் சுற்றும் அலங்காரம் என்றால், சூடேறாத எல்.இ.டி. விளக்குகளையே பயன்படுத்த வேண்டும்.

கருவியை விலக்கும்போது முனையிலிருந்து சிலந்தி நூல் போல நீண்டு வரும், எல்லோரும் சலித்துக்கொள்ளும் பசை இழைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். விசையை விட்ட பிறகு முனையை ஒட்டிய இடத்திலேயே ஒரு சிறு வட்டமாகத் தேய்த்து எடுத்தால் இழைகள் பெரிதும் குறையும். மிச்சமிருப்பவற்றைத் தலைமுடி உலர்த்தியின் சூடான காற்றைச் சற்றுத் தொலைவிலிருந்து காட்டிச் சுருங்கச் செய்துவிடலாம். தவறான இடத்தில் ஒட்டிவிட்டால், கண்ணாடி, உலோகம் போன்ற பரப்புகளில் பசையின் விளிம்பைச் சுற்றி கிருமிநாசினியாகப் பயன்படும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சில துளி விட்டால் பிடி தளர்ந்து அப்படியே பெயர்ந்து வரும். வண்ணம் பூசிய பரப்பில் இதைச் செய்வதற்கு முன், மறைவான ஓரிடத்தில் சோதித்துப் பார்ப்பது அவசியம்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்தக் கருவியைக் குறித்து நான் கண்டிப்பாக இருக்கிறேன். தோலில் பட்ட பசை வெந்நீரைப் போல வழிந்து ஓடிவிடாது. ஒட்டிக்கொண்டு தொடர்ந்து சுடும். அப்படி நேர்ந்தால் உடனே பிய்க்கக் கூடாது. பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் வரை காட்டி, பசை தானாக விடுபடுகிறதா என்று பார்த்து, கொப்புளம் பெரிதாக இருந்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு வெட்டும் வேலையும் அடுக்கும் வேலையும் வெள்ளைப் பசையும் போதும். சூடான பசை வைக்கும் பொறுப்பைப் பெரியவர் ஒருவர் ஏற்றுக்கொள்ளட்டும்.

குச்சி வாங்கும்போது பால்நிறமாகவோ நிறமற்றோ இருக்கும் சாதாரண வகையையே மொத்தமாக வாங்கலாம். மினுமினுப்புத் துகள் கலந்த குச்சிகள், வெளியே தெரியும்படி கோடு வரையவும் பூவின் நடுவில் பொட்டு வைக்கவும் அழகாக இருக்கின்றன. ஆனால் அவற்றின் துகள்கள் முனையில் தங்கிவிடுவதால், அடுத்து வரும் நிறமற்ற பசையிலும் சற்று நேரம் மினுமினுப்பு கலந்தே வரும். அதனால் நிறக் குச்சி வேலைகளை எல்லாம் கடைசிக்கு ஒதுக்கிவைத்து, முடிந்ததும் சாதாரணக் குச்சியில் பாதியைச் செலுத்தி உட்புறத்தைச் சுத்தம் செய்துவிட்டு மின்னிணைப்பைத் துண்டிப்பது நல்லது.