பழைய பிக்கப்பில் தொங்கும் ரூஃப் லைனிங்: எந்த வேலை நிற்கிறது, எது மறுபடி விழுகிறது

கேபின் கூரையின் உட்பக்கத்தை மூடும் துணிதான் ரூஃப் லைனிங். அது தொங்க ஆரம்பித்ததும் பழி முதலில் பசை மேல்தான் விழும். ஆனால் பெரும்பாலும் கெட்டுப்போயிருப்பது ஃபோம். துணியின் முதுகில் சேர்ந்தே வரும் சுமார் 3 மி.மீ. பாலியூரித்தேன் ஃபோம், வருஷக்கணக்கில் வெக்கையும் ஈரமும் பட்டு மக்கிவிடுகிறது. தொங்கும் இடத்தில் தட்டிப் பாருங்கள், தலையில் பழுப்புத் தூள் கொட்டும். பழைய பசை அந்தத் தூளின் அடியில், துணியைத் தாங்கும் அட்டையான போர்டில் இன்னும் கெட்டியாகவே பிடித்திருக்கும்.

துணிக்கும் போர்டுக்கும் நடுவே ஸ்ப்ரே அடித்து அமுக்கிவிடும் வேலை நிற்காததற்கு இதுதான் காரணம். பசை பிடிப்பது தூளை, தூளோ எதையும் பிடிப்பதில்லை. முதல் கோடையிலேயே இறங்கிவிடும், போதாததற்குத் துணியில் கறையும் விழும். துணியின் மேலிருந்து போர்டில் திருகி இறக்கும் திருகு முனை பின்கள் அதைவிடத் தேவலாம். பார்வைக்கு மெத்தை தைத்த மாதிரி இருக்கும், ஆனால் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் நடுவில் துணி மெல்லத் தொப்பை போடும். வண்டியைச் சீக்கிரம் கைமாற்றப் போகிறவருக்கு அது போதும்.

வருஷக்கணக்கில் நிற்பது, போர்டை வெளியே எடுத்துப் புதுத் துணி ஒட்டும் வேலைதான். பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டு சன் வைசர், கேபின் விளக்கு, கைப்பிடி, பில்லர் (கூரையைத் தாங்கும் தூண்) மேலுள்ள பிளாஸ்டிக், கதவு ரப்பர் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். கூரையோரம் கர்ட்டன் ஏர்பேக் (விபத்தில் பக்கவாட்டில் விரியும் காற்றுப் பை) உள்ள வண்டியில் அதன் ஒயரிலோ பையிலோ கை வைக்கக் கூடாது. அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல் சொல்வதே முறை. ஒற்றை கேபின் என்றால் சீட்டைச் சாய்த்துப் பயணி பக்கக் கதவு வழியாக வெளியே எடுக்கலாம். போர்டை இரண்டு பேர் பிடிப்பது நல்லது. அழுத்தி வைத்த ஃபைபர் அட்டை அது, ஒருவர் வளைத்து இழுத்தால் வைசர் ஓட்டைப் பக்கம் மடக்கென்று மடியும். மடிந்த கோடு புதுத் துணியின் மேலும் தெரியும். அந்த இடத்தில் பின்பக்கமாக ஃபைபர் கிளாஸ் துணியும் ரெசினும் வைத்து, காயும்வரை பழைய வளைவிலேயே தாங்கிப் பிடிக்க வேண்டும்.

வேலையின் ஆயுள் இருப்பது பழைய ஃபோமைச் சுரண்டுவதில். மாஸ்க் போட்டுக்கொண்டு நைலான் பிரஷால் எல்லா ஃபோமையும் தேய்த்தெடுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம், போர்டின் மேல்தோலையே பிய்த்துவிடும். பிறகு 80 நம்பர் உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு, வாக்யூம். உள்ளங்கையால் தடவினால் தூள் ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னொரு சுற்று. சலிப்பான வேலைதான், ஆனால் சீக்கிரம் விழுந்த லைனிங்கைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் அவசரம் தெரியும்.

ஃபோம் சேர்ந்த லைனிங் துணியே வாங்குங்கள். ஃபோம் இல்லாத துணி போர்டின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். துணி பெரும்பாலும் 1.5 மீட்டர் அகலத்தில் வரும். போர்டை வளைவோடு சேர்த்து அளந்து, நாலு பக்கமும் 10 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். பசையில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது. வெயிலில் நிற்கும் வண்டியின் கூரையடி, சாதாரண ஸ்ப்ரே பசை இளகிவிடும் அளவுக்குச் சூடாகும். டின்னில் லைனிங்குக்கு என்றும் அதிக வெப்பம் தாங்கும் என்றும் எழுதியிருக்க வேண்டும்.

துணியைப் போர்டில் விரித்து, பாதியை மடித்துப் போட்டு, போர்டிலும் ஃபோமிலும் பசை அடியுங்கள். விரலில் ஒட்டாமல் பிசுபிசுக்கும் பதம் வந்ததும் நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தடவிக்கொண்டே வாருங்கள், பிறகு மறு பாதி. பசை ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் அது ஃபோமில் ஊறி, துணியின் முகத்தில் கறையாக வரும். விளக்குக் குழியில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். குழியின் மேல் துணியை இழுத்துக் கட்டிவிட்டால் அது பாலம் மாதிரி நின்று, சூடு ஏறியதும் அங்கிருந்துதான் கழன்று வரும். முதலில் குழிக்குள் அமுக்கி உட்கார வைத்துவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். ஓட்டைகளை ஒரு நாள் காய்ந்த பிறகு பெருக்கல் குறி போல் கீறி, நாக்குகளைப் பின்னால் மடித்து ஒட்டுங்கள். ஓரங்களும் 3 செ.மீ. பின்னால் மடிய வேண்டும்.

இப்படிச் செய்த லைனிங்கிலும் சில வருஷம் கழித்துப் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு: விளக்கைச் சுற்றி, பின் கண்ணாடிக்கு மேல் ஓரம். பின்னோரம் மட்டும் கழன்று பழுப்பு வட்டம் தெரிந்தால் பசையைத் தொடாதீர்கள். கேபின் மேலுள்ள மூன்றாவது பிரேக் விளக்கின் கேஸ்கெட் (தண்ணீர் புகாமல் தடுக்கும் அடைப்பு) வழியாகத் தண்ணீர் இறங்குகிறதா என்று குழாயடித்துப் பாருங்கள். கேஸ்கெட்டை மாற்றி, போர்டு முழுசாகக் காய்ந்த பிறகுதான் ஓரத்தை மறுபடி ஒட்ட வேண்டும். போர்டு ஊறி உப்பியிருந்தால் துணி மாற்றுவது வீண், போர்டே மாற வேண்டும்.