ரிச்சர்ட் எஸ்டஸின் ‘இரட்டைச் சுயஉருவப்படம்’: ஓர் அச்சுப்படியின் மதிப்புரை

அமெரிக்க ஓவியர் ரிச்சர்ட் எஸ்டஸ் 1976இல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய ‘இரட்டைச் சுயஉருவப்படம்’ நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் அளவு 60.8 × 91.5 செ.மீ.தான் என்பதால், இணையக் கடையொன்றில் 60 × 90 செ.மீ. அச்சுப்படியை வாங்கி மாட்டினால், ஏறத்தாழ மூலத்தின் அளவிலேயே அதைப் பார்க்க முடிகிறது. போட்டோரியலிச ஓவியங்களை, அதாவது புகைப்படம் போன்ற துல்லியத்தோடு தீட்டப்பட்டவற்றை, சுருக்கி அச்சிட்டால் அவை சாதாரணப் புகைப்படங்களாகிவிடும் என்பதால், இந்தப் பொருத்தம் எனக்கு முக்கியமாகப்பட்டது.

படத்தில் இருப்பது ஒரு சிற்றுண்டிச்சாலையின் கண்ணாடி முகப்பு. கண்ணாடிக்குள் கடையும் கண்ணாடிமேல் எதிர்ப்புறத் தெருவும் ஒருசேரத் தெரிய, முக்காலியில் கேமராவை நிறுத்தியிருக்கும் ஓவியரும் அதில் பிரதிபலிக்கிறார். கடைக்குள் இருக்கும் ஆடியில் சிறிதாக இன்னொரு முறையும் தென்படுகிறார். சாதாரண ஜன்னல் கண்ணாடி தன்மேல் நேராக விழும் ஒளியில் சுமார் 8 சதவீதத்தை மட்டுமே திருப்பி அனுப்புகிறது. ஆகவே வெளியே வெளிச்சம் மிகுந்த இடத்தில் தெரு மேலோங்கி நின்று கடையை மறைக்கிறது. கருமையான ஏதாவது பிரதிபலிக்கும் இடத்தில் மட்டும் கடையின் உட்புறம் தெளிவாகிறது. கேமரா இவற்றுள் ஒன்றைக் கூர்மையாக்கும்போது மற்றது மங்கிவிட வாய்ப்புண்டு. எஸ்டஸோ தாமே எடுத்த பல புகைப்படங்களைத் துணையாகக் கொண்டு, ஆனால் அவற்றை ஒளிக்கருவியால் ஓவியத் துணியின்மேல் வீழ்த்திப் பிரதியெடுக்காமல், எல்லாத் தொலைவுகளையும் ஒரே கூர்மையில் தீட்டுகிறார். அவருடைய ஓவியங்களை நான் மதிப்பது இந்தத் தேர்வுக்காகத்தான். புகைப்படத்தைப் போலவே வரைந்துவிட்டார் என்ற பாராட்டு அவருக்குப் போதாது.

இந்த அச்சுப்படி சறுக்குவதும் இங்கேதான். கடைக்காரர் கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் கூட்டியிருப்பதால் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் தெருவின் நிழலும் கடையின் நிழலும் கலக்கும் இடங்களில் இருக்க வேண்டிய சாம்பல் படிநிலைகள் ஒரே கறுப்பாக இறுகிவிட்டன. ஓவியம் முழுவதும் அந்தப் படிநிலைகளை நம்பியே நிற்பதால், இதைச் சிறு குறையென்று என்னால் ஒதுக்க முடியவில்லை. தூரிகைத் தடங்களும் அச்சில் தட்டையாகிவிட்டன, அது எந்த அச்சுப்படிக்கும் உள்ள எல்லைதான். நிறங்கள் நன்றாக வந்திருக்கின்றன, தாளும் தடிமனானது, சுருட்டி அனுப்பிய குழாயில் ஒரு மடிப்பும் விழவில்லை.

வாங்க விரும்புகிறவர்கள் வேறுபாட்டைக் கூட்டாமல் அச்சிடுமாறு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். முழுப் பளபளப்புத் தாள் வேண்டாம். மேட் தாளில் கறுப்பு சற்று வெளிறும், ஆகவே இரண்டுக்கும் இடைப்பட்ட மென்பளபளப்புத் தாளே இந்தப் படத்துக்கு ஏற்றது. சாதாரணக் கண்ணாடி போட்டுச் சட்டமிட்டால் உங்கள் அறையின் விளக்கும் ஜன்னலும் எஸ்டஸின் தெருவின்மேல் வந்து விழும். எதிரொளிப்பைத் தடுக்கும் கண்ணாடிக்குக் கூடுதலாகச் செலவிடுவது நியாயமே.