ரீட்டெயில் டைரக்ட்: அரசுக்குக் கடன் கொடுப்பவனின் விமர்சனம்

பிசானப் பருவத்து நெல் விற்ற பணத்தில் ஒரு பங்கை இப்போது வங்கி டெபாசிட்டில் போடுவதில்லை. நம்மைப் போன்றவர்கள் அரசுப் பத்திரங்களை நேரடியாக வாங்க ரிசர்வ் வங்கி நடத்தும் ரீட்டெயில் டைரக்ட் இணையதளம் வழியாகத் தமிழ்நாடு அரசின் கடன் பத்திரம் வாங்குகிறேன். சேரன்மகாதேவிப் பக்கம் பலர் விவரம் கேட்பதால் எழுதுகிறேன்.

2021 நவம்பரில் தொடங்கிய சேவை இது. பான், ஆதார், வங்கிக் கணக்கு, செல்போன், இமெயில் போதும். கணக்குத் திறக்கக் கட்டணம் கிடையாது. குறைந்தபட்சம் 10,000 ரூபாய் போட வேண்டும். மாநிலப் பத்திர ஏலம் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை நடக்கும். நாம் விலை சொல்லி ஏலம் கேட்க வேண்டியதில்லை. பெரிய வங்கிகள் போட்டியிட்டு முடிவாகும் சராசரி விலையிலேயே நமக்கும் ஒதுக்குவார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வட்டி கணக்கில் விழும். நடுவில் தரகர் இல்லை. இதற்கு முழு மதிப்பெண் தருவேன்.

சரி, கடன் கொடுத்தபின் வாங்கியவர் எப்படிச் செலவழிக்கிறார் என்று பார்க்கத்தானே வேண்டும்? 2025-26 பட்ஜெட்டைப் பார்த்தேன். 2026 மார்ச் முடிவில் மாநிலத்தின் நிலுவைக் கடன் 9,29,959 கோடி ரூபாய் இருக்கும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். மாநிலத்தின் ஓராண்டு மொத்த உற்பத்தி மதிப்பில் அது 26 சதவீதம்தான், நிதிக்குழு வைத்த வரம்புக்குள்தான் என்று அரசு சொல்வது உண்மையே. ஆனால் என்னை உறுத்துவது 41,635 கோடி வருவாய்ப் பற்றாக்குறை. சம்பளம், பென்ஷன், மானியம், பழைய கடனுக்கு வட்டி என்று அன்றாடச் செலவுக்கே வரவு பற்றாமல் வாங்கும் கடன் அது. இதே மாநிலம் 2012-13இல் வருவாயில் உபரி காட்டியது.

கடனே கூடாது என்று நான் சொல்லவில்லை. காமராசர் காலத்து மணிமுத்தாறு அணை இன்றும் பாசனத்துக்குத் தண்ணீர் தருகிறது. அந்த மாதிரி வேலைக்குப் பேரன் காலம்வரை கடன் நீண்டாலும் நியாயம் உண்டு, பலனும் அவனுக்கே போகும். இந்த மாதச் செலவை அவன் தலையில் கட்டுவது நியாயமில்லை.

"கவர்மெண்டு கடன் வாங்காட்டா உமக்கு வட்டி எங்கன வே வரும்?" என்று டீக்கடையில் ஒரு நண்பர் மடக்கினார். அந்த வட்டி யார் பணம் என்பதுதான் என் கவலை. பத்திரம் வாங்க 10,000 ரூபாய் ஒதுக்க முடியாத பெண்கள் என் வயலில் நாற்று நடுகிறார்கள். சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் அவர்கள் கட்டும் ஜி.எஸ்.டி.யும் அதில் இருக்கிறது. கடன் ஏற ஏற, இல்லாதவர்களிடம் வாங்கி என்னைப் போன்றவர்களுக்குக் கொடுப்பதும் ஏறும். அதற்காக ஏழைக்குச் செய்யும் செலவை வெட்டச் சொல்ல மாட்டேன். வசதியுள்ளவனுக்கும் சேர்த்துக் கொடுப்பதை நிறுத்தலாம். என் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். பத்திரம் வாங்கக் காசு உள்ளவனுக்கு அது எதற்கு? அதற்கு ஒரு வரம்பு வைத்தால் என் இணைப்பிலிருந்தே தொடங்கட்டும்.

அப்புறம், வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. பத்து வருடப் பத்திரத்தை இடையில் விற்க வழி இருக்கிறது. ஆனால் சின்னத் தொகைக்கு ஆள் கிடைப்பது சிரமம். சந்தையில் வட்டி விகிதம் ஏறியிருந்தால் பத்திரத்தின் விலையும் இறங்கியிருக்கும். வரும் வட்டிக்கு வருமான வரியும் உண்டு. மகள் கல்யாணத்துக்கு என்று வைத்திருக்கும் பணத்தை இதில் போடாதீர்கள்.