அரசு பஸ்: நகரத்தில் தேறுகிறது, கடைசி ஊரில் தடுமாறுகிறது

தமிழ்நாட்டு அரசு பஸ் என்று பொதுவாகச் சொன்னாலும் வண்டிகளை ஓட்டுவது 8 கழகங்கள். சென்னைக்கு மாநகர் போக்குவரத்துக் கழகம், நீண்ட தூரத்துக்கு எஸ்.இ.டி.சி. எனும் அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம், மாவட்டங்களுக்கு விழுப்புரம், கும்பகோணம், சேலம், கோவை, மதுரை, திருநெல்வேலி.

கட்டணத்தில் குறை சொல்ல இடமில்லை. 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசே கிடையாது. ஆனால் ஏறுமுன் போர்டைப் பாருங்கள். அதே நம்பர், அதே ரூட்டாக இருந்தாலும் எக்ஸ்பிரஸ், டீலக்ஸ் என்றால் காசு கொடுத்துத்தான் போக வேண்டும். சென்னையில் முகப்பில் இளஞ்சிவப்பு பூசிய வண்டி என்றால் இலவசம் என்று தூரத்திலேயே தெரியும். இலவசப் பயணத்துக்கும் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுப்பார், இறங்கும்வரை அது கையில் இருக்கட்டும்.

சென்னையில் 'சென்னை பஸ்' செயலி வண்டி எங்கே வருகிறது என்று காட்டிவிடும். ஒரு நடை ரத்தானாலும் பிரதான சாலைகளில் அடுத்த வண்டி வந்துவிடும்.

கிராமத்து ரூட் அப்படியில்லை. இரவு ஊரில் தங்கும் வண்டி விடிகாலையில் டவுனுக்குக் கிளம்பும். அதே வண்டிதான் பகலில் வேறு இரண்டு ஊர்களுக்கும் போய்வந்து, சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். காலையில் டயர் பஞ்சரானாலோ, டிரைவர் லீவு போட்டாலோ, டெப்போவில் ஸ்பேர் வண்டி இல்லையென்றால் அன்றைய நடை எல்லாம் சரியும். பெரும்பாலும் முதலில் வெட்டுப்படுவது கலெக்‌ஷன் குறைந்த கடைசி ஊர் நடைதான். பௌர்ணமி கிரிவலம், தீபாவளி, பொங்கல் என்று சிறப்புப் பஸ் விடும் நாட்களில் இது இன்னும் கூடும். அறிவிப்பில் சிறப்புப் பஸ் எண்ணிக்கை வரும்; அதற்காக எந்த ஊர் நடை நின்றது என்று வராது. நமக்கு இதுதான் பெரிய குறை.

பஸ் நிலையத்தில் டைம் கீப்பரிடம் "வண்டி வருமா?" என்று கேட்டால் "வரும்" என்றுதான் பதில் வரும். "முந்தின நடை எத்தனை மணிக்கு உள்ளே வந்தது?" என்று கேளுங்கள். அது வரவில்லையென்றால் காத்திருப்பது வீண். மெயின் ரோடு வழியாகப் போகும் மப்சல் (வெளியூர்) வண்டியில் ஏறி, உங்கள் ஊருக்குப் பிரியும் விலக்கில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிப்பதே மேல்.

சென்னையிலிருந்து தெற்கே போகிறவர்களுக்கு இன்னொன்று: தென் மாவட்ட வண்டிகளுக்காக 2023 டிசம்பர் 30இல் திறந்த கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வண்டலூரையும் தாண்டி இருக்கிறது. டிக்கெட்டில் எந்த இடத்தில் ஏற வேண்டும் என்று போட்டிருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டே வீட்டை விட்டுக் கிளம்புங்கள்.