வெளியே போன இடத்தில் குழந்தைக்கு அவசரம்: எந்த வழி கைகொடுக்கும்?

டயப்பரை விட்டுக் கொஞ்ச நாளே ஆன குழந்தையோடு வெளியே போகிறவர்களுக்கு எல்லாக் கேள்வியும் ஒரே கேள்வியில் வந்து நிற்கும். "உச்சா வருது" என்று குழந்தை சொன்ன பிறகு நம் கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது? குழந்தையின் சிறுநீர்ப்பை எவ்வளவு கொள்ளும் என்பதற்கு மருத்துவர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்க வேண்டும். மூன்று வயதுக்கு 120 மில்லிதான் வரும். போதாக்குறைக்கு, விளையாட்டிலோ வேடிக்கையிலோ மூழ்கிவிட்ட குழந்தை கடைசி நொடி வரை வாயைத் திறக்காது. அதனால் எந்த வழியானாலும் நான் முதலில் பார்ப்பது வேகத்தைத்தான். சுத்தம், வசதி, செலவு எல்லாம் அப்புறம்.

பக்கத்தில் பொதுக் கழிப்பறை இருந்து, அது ஓரளவு சுத்தமாகவும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அதுதான் முதல் இடம். சுமக்க எதுவும் இல்லை, அள்ளிப்போட எதுவும் இல்லை. வரிசை நீளமாக இருந்தால் "குழந்தைக்கு அவசரம், கொஞ்சம் வழி விடுங்களேன்" என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். தயங்கி நிற்கும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் காரியம் கெடுகிறது.

பெரியவர்களுக்குப் பிரச்சினை அழுக்கு என்றால், குழந்தைகள் பலருக்குப் பிரச்சினை சத்தம். தானாகத் தண்ணீர் பாய்ச்சும் சென்சார் கழிப்பறையில், சின்ன உடம்பு லேசாக அசைந்தாலே எழுந்துவிட்டது என்று நினைத்து அடியில் 'குபீர்' என்று தண்ணீர் பாயும். ஒருமுறை பயந்த குழந்தை அடுத்த முறை வாசலிலேயே அடம்பிடிக்கும். ஒட்டும் துண்டுத் தாள் ஒன்றைப் பையில் வைத்திருந்து, உட்கார வைக்கும் முன் சென்சார் கண்மேல் ஒட்டிவிட்டால் போதும். வேலை முடிந்து குழந்தையை இறக்கிய பிறகு எடுத்துக்கொள்ளலாம். கை உலர்த்தும் இயந்திரமும் இப்படித்தான். கனடாவைச் சேர்ந்த நோரா கீகன் என்ற சிறுமி, குழந்தைகளின் காது இருக்கும் உயரத்தில் இந்த இயந்திரங்களின் சத்தத்தை அளந்து பார்த்தாள். சில 100 டெசிபலைத் தாண்டின. 2019இல் அந்த ஆய்வு குழந்தை மருத்துவ இதழ் ஒன்றிலேயே வெளியானது. குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அழுதால் அது அடம் இல்லை, உண்மையிலேயே வலிக்கும். கையைத் துடைக்க ஒரு துண்டு கொண்டுபோவதே நல்லது.

அடுத்தது இருக்கையின் அளவு. பெரியவர்களுக்கான இருக்கையில் கால் தொங்க உட்காரும் குழந்தை, உள்ளே விழுந்துவிடுவோமோ என்று உடம்பை இறுக்கிக்கொள்ளும். இடுப்புத் தசை தளராமல் சிறுநீர் முழுதாக இறங்காது, மலமும் வராது. பெண் குழந்தைகள் முழங்காலைச் சேர்த்து உட்கார்ந்தால் சிறுநீர் கொஞ்சம் உள்பக்கமாகத் தேங்கி, எழுந்த பிறகு சொட்டி ஜட்டி நனையும். இதற்கு ஒரு சுலபமான வழி, குழந்தையைத் திருப்பி, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி உட்கார வைப்பது. கால்கள் தானாக அகலும், பிடித்துக்கொள்ளத் தொட்டி இருக்கும், பயம் போய்விடும். இதற்கு கால்சட்டையை ஒரு காலிலிருந்தாவது முழுக்கக் கழற்ற வேண்டும். அந்தச் சில நொடி செலவுக்குப் பலன் உண்டு. இருக்கையில் உட்கார்ந்தாலே நோய் ஒட்டும் என்ற பயம் அளவுக்கு மீறியது. தொடைத் தோலைவிட, கதவையும் குழாயையும் தொட்டு வாய்க்குப் போகும் கைதான் ஆபத்து. சானிட்டைசர் மட்டும் போதாது. வாந்திபேதி உண்டாக்கும் நோரோ வைரஸை அது சரியாகக் கொல்லாது. சோப்பு போட்டுக் கழுவ வேண்டும்.

பெரிய இருக்கையின் மேல் விரிக்கும் மடக்கு சீட் ஒன்று விற்கிறது. வீட்டில் பழகிய சீட் போலவே இருப்பதால் சில குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஆனால் கழிப்பறை கிடைத்தால்தானே அதற்கு வேலை? அவசரத்துக்கு அது உதவாது. ஈரத்தோடு மறுபடி பைக்குள் போவதும் எனக்குப் பிடிக்கவில்லை.

கழிப்பறையே கண்ணில் படாத இடத்தில் என் ஓட்டு, மடக்கி எடுத்துப்போகும் குட்டிக் கழிப்பு நாற்காலிக்கு (potty chair). அதன் கால்களை விரித்து, வளையத்தில் ஒரு பையை மாட்டி, குழந்தையை உட்கார வைக்க அரை நிமிடம் போதும். பைக்குள் இருக்கும் மெத்தையில் டயப்பரில் உள்ள அதே உறிஞ்சும் பொருள்தான். சிறுநீர் கூழாகிவிடுவதால் சிந்தாது. குழந்தையின் பாதம் தரையில் பதிவது இதன் பெரிய பலம். பாதம் ஊன்றி, முழங்கால் சற்று உயர்ந்து இருக்கும்போது கக்கா சுலபமாக வரும். மற்ற எந்த மாற்று வழியிலும் கக்கா போவது பெரும்பாடு. காரின் பின் இருக்கைக்கு முன்னாலோ டிக்கியிலோ மறைவாக வைத்துக்கொள்ளலாம். பை தீர்ந்துவிட்டால் ஒரு டயப்பரை விரித்து உள்ளே போட்டாலும் அதே வேலைதான். குறை இல்லாமல் இல்லை. மேடுபள்ளமான தரையில் ஆடும், ஒரு கையால் பிடித்தே ஆக வேண்டும். பஸ்ஸிலும் நடையிலும் போகிறவர்களுக்கு அது ஒரு சுமை. கட்டிய பையைக் குப்பைத்தொட்டி வரும் வரை நாமே சுமக்க வேண்டும். அதைக் கழிப்பறையில் போட்டால் அடைத்துக்கொள்ளும். இவ்வளவுக்குப் பிறகும், வண்டி வைத்திருப்பவர்கள் வாங்க வேண்டிய ஒரே பொருள் எது என்றால் இதைத்தான் சொல்வேன்.

"இதெல்லாம் எதற்கு, வெளியே போகும்போது மட்டும் டயப்பர் போட்டுவிடலாமே" என்பவர்கள் நிறைய. நீண்ட பயணத்துக்கு நானும் ஒப்புக்கொள்வேன். விமானம் ஏறி இறங்கும்போது எழ முடியாது, நகராத நெரிசலில் இறங்க முடியாது. ஆனால் டயப்பர் முன்னாலேயே போட்டிருந்தால்தான் பலன். அவசரம் வந்த பிறகு மாட்டுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இன்னொன்று, நல்ல டயப்பரில் ஈரமே தெரியாது. ஈரம் தெரியாத குழந்தைக்கு, வந்தால் சொல்ல வேண்டும் என்ற பழக்கம் மெதுவாகத்தான் பிடிபடும். பக்கத்தில் போய்வரும் சின்ன வேலைக்கெல்லாம் மாட்டிவிடுவது பழகியதைக் கலைக்கும். மாட்டுவதானால் "இது பயணத்துக்கு மட்டும், வந்தா சொல்லு" என்று சொல்லியே மாட்டுங்கள்.

ஆண் குழந்தைக்கு அகல வாய் பாட்டில் ஒன்று வண்டியில் இருந்தால் உச்சாவுக்கு அதைவிட வேகமான வழி கிடையாது. திறந்தவெளி எல்லாவற்றுக்கும் கடைசி. போக்குவரத்தும் நீர்நிலையும் இல்லாத பக்கமாக, உச்சாவுக்கு மட்டும். கக்கா என்றால் பையில் அள்ளிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். நான்கு வயதுக் குழந்தைக்கும் கூச்சம் உண்டு, ஒரு துண்டையாவது மறைவாகப் பிடியுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் போட்டியாக, காசு செலவில்லாத ஒரு வழியைப் பெரியவர்கள் அடிக்கடி கையில் எடுப்பார்கள்: "கொஞ்சம் அடக்கிக்கோ." கதவு வரை நடக்கும் நேரத்துக்குச் சரி. வழக்கமாகிவிட்டால் ஆபத்து. சட்டென்று குத்தவைத்து, குதிகாலை அடியில் அழுத்தி உட்காரும் குழந்தையைப் பார்த்திருப்பீர்கள். சிறுநீரைத் தடுக்கக் குழந்தை தானே கண்டுபிடிக்கும் அந்த வித்தையை வின்சென்ட் என்ற மருத்துவர் 1966இல் மருத்துவ இதழில் பதிவுசெய்தார். அதைக் கண்டால் இனி நேரமில்லை என்று அர்த்தம். சிறுநீரை அடிக்கடி அடக்கினால் கிருமித் தொற்று வரலாம். மலத்தை அடக்கினால் இறுகும், இறுகினால் வலிக்கும், வலிக்குப் பயந்து இன்னும் அடக்கும். தேங்கிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்தி, உச்சா அவசரமும் கூடும். வெளியே போகிறோம் என்று தண்ணீரைக் குறைப்பதும் இதையேதான் செய்யும். அதற்குப் பதில் கிளம்பும் முன் ஒரு தடவை, சாப்பிட்டுச் சற்று நேரத்தில் ஒரு தடவை உட்கார வையுங்கள். வயிறு நிறைந்ததும் குடல் அசையத் தொடங்கும், கக்கா வர அதுவே தோதான நேரம்.

மகளோடு தனியாக வெளியே போகும் அப்பாக்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. குடும்பக் கழிப்பறை இருந்தால் அதுவே சரி. இல்லையென்றால் ஆண்கள் பகுதிக்கே தூக்கிக்கொண்டு, நேரே கதவுள்ள அறைக்குள் போய்விடலாம், யாரும் தவறாக நினைக்க அதில் ஒன்றுமில்லை. பெண்கள் பகுதிக்குள் சின்னக் குழந்தையைத் தனியே அனுப்பிவிட்டு வாசலில் காத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் சில நாள் உச்சா முந்திக்கொள்ளும். அன்று திட்டினால், அடுத்த தடவை வந்தாலும் சொல்லப் பயப்படும். மாற்று உடுப்பு, துடைக்கும் ஈரத்துணி, நனைந்ததைப் போட ஜிப் வைத்த பை, இவ்வளவும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சாக்ஸைத்தான் பலர் மறந்துவிடுவார்கள். உச்சா கால் வழியாக இறங்கி நேரே ஷூவுக்குள் போகும். ஒரு ஜோடி சாக்ஸும், தண்ணீர் பட்டாலும் கெடாத ஒரு செருப்பும் சேர்த்து வையுங்கள்.