பேத்திக்கு விமானம் ஓட்ட: பழைய சிடியா, பரண் கம்ப்யூட்டரா, ஸ்டீமா?

மே விடுமுறைக்கு பெங்களூரிலிருந்து திருச்சி வந்த பேத்தி, பீரோவைக் குடைந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து வந்தாள். ஃப்ளைட் சிமுலேட்டர் 2004, மைக்ரோசாஃப்டின் விமானம் ஓட்டும் கம்ப்யூட்டர் கேம், நான்கு சிடி. அவள் அப்பா காலேஜ் படித்தபோது வாங்கியது. "தாத்தா, அப்பா ஓட்டினதை எனக்கும் போட்டுக் குடுங்க" என்றாள். அரை மணி நேர வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன். நான்கு நாள் ஆயிற்று. அதற்குள் இருக்கிற வழிகள் எல்லாவற்றிலும் கை வைத்துவிட்டேன்.

முதலில் அதே சிடியை இப்போதைய லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். லேப்டாப்பில் சிடி டிரைவே இல்லை, யூஎஸ்பியில் மாட்டுகிற ஒன்று வாங்க வேண்டியிருந்தது. நான்கு சிடியும் ஒழுங்காக ஏறின. ஐகானைத் தட்டினால் வட்டம் கொஞ்ச நேரம் சுற்றியது, பிறகு ஒன்றுமே இல்லை. கோளாறு சிடியில் இல்லை. இந்த கேம் திறக்கும்போதெல்லாம் உள்ளே இருப்பது அசல் நான்காவது சிடிதானா என்று சேஃப்டிஸ்க் என்ற பூட்டு சோதிக்கும். அந்தப் பூட்டுக்கு விண்டோஸில் ஒரு டிரைவர், அதாவது ஒரு சின்ன உதவி புரோகிராம், வேண்டும். அது பாதுகாப்புக்கு ஓட்டை என்று 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோதே மைக்ரோசாஃப்ட் அதைக் கழற்றிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய அசல் சிடிதான் மாட்டிக்கொண்டு முழிக்கிறது. தெரிந்த கடையில் ஒரு பையன், பூட்டை உடைக்கிற 'கிராக் ஃபைல் போட்டா ஓடும் சார்' என்று பென் டிரைவில் கொண்டுவந்தான். செருகியதுமே ஆன்டிவைரஸ் கத்தியது. என் பேங்க் கணக்கெல்லாம் பார்க்கிற லேப்டாப் அது. வேண்டாம் என்றுவிட்டேன்.

சரி, பரணில் இருந்த பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரை இறக்கினோம். உண்மையைச் சொன்னால் அதில் ஓடியபோது கிடைத்த சந்தோஷம் வேறு எதிலும் கிடைக்கவில்லை. ரைட் சகோதரர்கள் பறந்து நூறாண்டு ஆனதையொட்டி வந்த பதிப்பு என்பதால் அவர்கள் ஓட்டிய விமானமும் அதில் இருக்கிறது, டிசி-3 என்ற பழைய பயணிகள் விமானமும் இருக்கிறது. பழைய 15 பின் ஜாய்ஸ்டிக்கும் அதில்தான் பொருந்தும். ஆனால் மதர்போர்டில் இருக்கிற ரூபாய்க்காசு சைஸ் பேட்டரி செத்துப்போனதால், ஒவ்வொரு முறை போடும்போதும் தேதி பின்னால் போய் நின்று எஃப் 1 அழுத்தச் சொல்கிறது. பேட்டரியை மாற்றலாம். கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் போனால்? ஹார்ட் டிஸ்க் போனால்? எக்ஸ்பிக்கு 2014-லேயே ஆதரவு நின்றுவிட்டதால் நெட் வயரையும் பிடுங்கி வைக்க வேண்டும்.

புதிய ஃப்ளைட் சிமுலேட்டரைப் பற்றி நான் அதிகம் பேச முடியாது. தம்பி மகன் வீட்டில் 2020 பதிப்பை அரை மணி நேரம் பார்த்ததோடு சரி. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம் தீவாகவே தெரிந்தது, அழகுக்குக் குறையில்லை. ஆனால் 150 ஜிபி இடம், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு, பறக்கப் பறக்க இறங்கும் நிலப்படங்களுக்கு வேகமான நெட் எல்லாம் வேண்டும். என் லேப்டாப்புக்குக் கட்டுப்படியாகாது. ஃப்ளைட்கியர் என்று இன்னொரு விமான கேம் முழுக்க இலவசம், லினக்ஸில்கூட ஓடும். இரண்டு நாள் ஓட்டினோம். பொறுமையுள்ள பெரியவர்களுக்கு நல்ல சரக்கு. செஸ்னா என்ற சின்ன விமானத்தைக் கிளப்பவே மெனுவுக்குள் போய், எஞ்சினைத் தானே கிளப்பும் ஆட்டோஸ்டார்ட்டைத் தேட வேண்டியிருந்தது. ஒன்பது வயசுக்கு அதற்குள் தூக்கம் வந்துவிட்டது.

கடைசியில் வாங்கியது எஃப்எஸ்எக்ஸ், அதாவது 2004-க்கு அடுத்து வந்த ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ்; நெட்டில் கேம் விற்கும் ஸ்டீம் கடையின் பதிப்பு. 2006-இல் வந்த கேமை 2014-இல் ஸ்டீமில் மறுபடி வெளியிட்டார்கள். கோளாறுகளைச் சரிசெய்யும் இரண்டு சர்வீஸ் பேக்கும், கூடுதல் விமானங்கள் தரும் ஆக்ஸிலரேஷன் தொகுப்பும் சேர்ந்தே வருகின்றன. சிடி கேட்காது. 30 ஜிபி இடம் போதும். முதல் தடவை திறந்ததும் அமெரிக்காவின் ஃப்ரைடே ஹார்பர் விமானதளத்தில் ஒரு ட்ரைக் நின்றது. மூன்று சக்கர வண்டிக்கு மேலே பட்டம் கட்டியது போல இருக்கும். "இது பிளேனா தாத்தா?" என்று சிரித்துக்கொண்டே அதிலேயே ஏறிவிட்டாள்.

ஒரு சிக்கல் வந்தது. விமானத்தைத் திருப்புவதும் தூக்குவதும் கீபோர்டின் வலது ஓரத்து எண் கீக்களான நம்பர் பேடில்தான். என் லேப்டாப்பில் நம்பர் பேடே கிடையாது. செட்டிங்ஸில் வேறு கீக்கு மாற்றலாம்தான், நான் யூஎஸ்பி ஜாய்ஸ்டிக் வாங்கிவிட்டேன். இன்னொன்று, இது 32 பிட் கேம். லேப்டாப்பில் எவ்வளவு ரேம் இருந்தாலும் 4 ஜிபிக்கு மேல் தொடாது. பெரிய ஆட்-ஆன், அதாவது தனியாகச் சேர்க்கும் விமானம், நிலப்படம் மாதிரி எதாவது, போட்டால் கவிழும் என்கிறார்கள். நான் ஒன்றுகூடப் போடவில்லை, அதனால் அனுபவத்தில் சொல்ல முடியாது. இரண்டு பேர் நெட் வழியாக ஒரே விமானத்தை ஓட்டும் வசதியும் இருக்கிறது, இன்னும் முயலவில்லை.

அழகு, விலை எல்லாம் எனக்கு அப்புறம்தான். குழந்தை வருஷத்தில் இரண்டு தடவைதான் வருகிறாள். அடுத்த தடவை வரும்போது தட்டினால் திறக்குமா, அவள் வீட்டிலும் இதே இருக்குமா என்பதுதான் என் கேள்வி. பரண் கம்ப்யூட்டரை பெங்களூருக்குத் தூக்க முடியாது. ஸ்டீமில் தள்ளுபடி வந்தபோது மகனும் தனக்கு ஒன்று வாங்கிக்கொண்டான். 2004-இல் இருந்த அதே கீதான் இதிலும் என்பதால் அவன் விரலுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அவன் ஆபீசில் இருந்தால் போன் எனக்கு வரும்.

"தாத்தா, ரொம்ப வேகமாப் போகுது, ரன்வே வந்துடுச்சு!"

"எஃப் 2-வைத் தட்டு கண்ணு, இன்னும் தட்டு. அப்புறம் எஃப் 7, ஃப்ளாப் இறங்கும்."

எஃப் 2 எஞ்சின் வேகத்தைக் குறைக்கும், ஃப்ளாப் என்பது இறக்கையின் பின்பக்கத் தகடு. திரையைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். ஃப்ளைட்கியரில் இந்தக் கீயெல்லாம் வேறு, அங்கே நானும் தேட வேண்டியிருக்கும்.

தசராவுக்கு வந்தபோது நெட் இல்லை. ஸ்டீமை ஆஃப்லைனில் திறந்து தட்டினேன், மேயில் சேமித்து வைத்த திருச்சி ரன்வேயில் செஸ்னா நின்றுகொண்டிருந்தது. மேலே ஏறியதும் மலைக்கோட்டையைத் தேடினாள். இதில் அது இல்லை.

பரண் கம்ப்யூட்டரை இன்னும் எடைக்குப் போடவில்லை. சிகாகோ ஏரிக்கரையில் இருந்த மெய்க்ஸ் ஃபீல்டு விமானதளம் என்னிடம் உள்ளவற்றில் அதில் மட்டும்தான் இருக்கிறது. அந்த ரன்வேயை 2003 மார்ச்சில் ஓர் இரவில் அந்த ஊர் மேயர் புல்டோசர் விட்டுப் பிளந்துவிட்டார், எஃப்எஸ்எக்ஸிலும் அதை எடுத்துவிட்டார்கள். மகன் முதன்முதலில் இறங்கக் கற்றது அங்கேதான். அவன் தீபாவளிக்கு வரும்போது கேட்பான், அதற்குள் பேட்டரியை மாற்றிவைக்க வேண்டும்.